வஞ்சம் வைத்துக் காய்ச்சிய கஞ்சி

எனக்கு மறதி கிடையாது. நல்லது செய்தவர்களை வேண்டுமானால் மறப்பேன். அவர்களாக வந்து ஞாபகப்படுத்தினால் ஆமாம் ஆமாம் என்று சிரித்து வைப்பேன். என்னை ஒரு வார்த்தை சொன்னவர்களை மட்டும் மறக்க மாட்டேன். எந்த ஊர், எந்த விசேஷம், அப்போது நான் என்ன புடவை கட்டியிருந்தேன் என்பதுவரை சொல்லுவேன். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வியாதியை வைத்துக்கொண்டுதான் போன வருஷம் என் கூடப்பிறந்த அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். பாசத்தில் செய்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது. பழி வாங்கத்தான் செய்தேன்.

என் பிறந்த வீடு விஜயபுரம் பக்கம். கொஞ்சம் நெல், மற்றதெல்லாம் வேர்க்கடலை. நைனா, அதான் எங்கள் அப்பா, போன பிறகு அண்ணன்தான் நிலத்தைப் பார்க்கிறான். நான் வாழ்க்கைப்பட்டது வடமாலப்பேட்டையில், பிழைப்பு திருப்பதியில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் பெண் வயதுக்கு வந்தபோது வடமாலப்பேட்டையிலேயே ரோட்டோரமாக ஒரு மண்டபத்தைப் பிடித்து மஞ்சள் நீராட்டு வைத்தோம்.

எங்கள் பக்கம் அந்த விசேஷத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நகராது. அவன் கொண்டுவருகிற புடவையைத்தான் பெண் கட்ட வேண்டும், அவன் கையால்தான் மாலை விழ வேண்டும், முதல் பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான். என் அண்ணன் சீரில் குறை வைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மேளத்தோடு, வரிசைத் தட்டுகளோடு, ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினான். இறங்கியவன் கண்ணில் முதலில் பட்டது மண்டப வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ்.

அதில் நடுவில் என் பெண். மேலே சாமி. இடது பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், ஒன்றுவிட்டவர்கள், கடையில் வேலை செய்கிறவர் உட்பட எல்லோரும். வலது பக்கம் பெரிதாகத் தாய்மாமன் படம் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக் கைகூப்பிக்கொண்டு உள்ளூர்த் தலைவர் ஒருவர் நின்றார். அவருக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசேஷத்துக்குக்கூட அவர் வரவில்லை.

அண்ணன் நேராக உள்ளே வந்தான். மாலை போட்டான், போட்டோவுக்கு நின்றான். ஃப்ளெக்ஸைக் கவனிக்கவில்லை போல என்று தேற்றிக்கொண்டேன். பந்தி உட்கார்ந்தது. அவன் இலையில் இனிப்பு வைத்தாயிற்று, கூட்டு வைத்தாயிற்று, சோறு விழுந்தது. சோறு விழுகிறவரை காத்திருந்தவன் டம்ளர் தண்ணீரை எடுத்து அப்படியே இலைமேல் ஊற்றிவிட்டு எழுந்தான்.

"ஃப்ளெக்ஸுல கீறவன கூப்டுனு வந்து ஒக்கார வெச்சி சோறு போடுங்க. இந்த ஊட்டுல இனிமே நான் பச்சத் தண்ணி குடிச்சா, எங்க நைனாவுக்குப் பொறந்தவன் இல்ல!"

சாப்பிட உட்கார்ந்த இருநூறு பேர் கையும் அப்படியே நின்றது. அவனோடு வந்த வேன் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மேடையில் என் பெண் அவன் கொடுத்த புடவையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பரிமாறிய இலையில் தண்ணீர் ஊற்றி எழுவதைவிட ஒரு வீட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய அவமானம் எங்கள் ஜனங்களிடம் இல்லை. அடித்திருந்தால்கூட ஆறு மாதத்தில் சமாதானம் பேசியிருப்பார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடுவரை சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் இதை வைத்துப் பொழுது போக்கினார்கள்.

பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் எங்கள் பக்கம் அதைக் காப்பாற்றுவார்கள். அதில் ஒரு பெருமை. நைனாவின் பங்காளி ஒருவர், கோபம் வந்தது எதற்கு என்றே மறந்துபோன பிறகும், எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசுவார், மோர் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்படியே போய்ச் சேர்ந்தார். அதனால் என் அண்ணன் சொன்னதைச் செய்வான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் சொன்னதை அவன் வாயாலேயே நான் உடைக்க வைப்பேன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது.

போன வருஷம் ஆவணியில் தெரிந்தது.

அவனுக்கு வயிறு உப்பி, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. ஊரில் ஊசி போடுகிறவரிடம் மூன்று நாள் ஊசி போட்டுக்கொண்டு, புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்து, கடைசியில் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடல் அடைப்பு. அன்றைக்கே ஆபரேஷன். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. கூப்பிடாமல் போக நான் என்ன வெட்கம் கெட்டவளா? பூஜை அறையில் நின்று அவன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அது உண்மை. அவன் செத்துவிட்டால் நான் யாரைப் பழி வாங்குவது?

அண்ணிக்கும் எனக்கும் சண்டை இல்லை. அவனுக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொள்வோம். ஆபரேஷன் முடிந்து ஏழாம் நாள் காலையில் கூப்பிட்டாள்.

"வராண்டாவுல நின்னுக்கினு பேசறேன்மா. ஒரு வாரமா மூக்குல குழா வெச்சிருந்தாங்க, நேத்து எடுத்துட்டாங்க. கஞ்சி குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஓட்டல்ல வாங்கினு வந்தேன், வாயில வெச்சதும் துப்பிட்டாரு. பாலும் நிக்கல. ஊருக்குப் போயி காய்ச்சி எடுத்துனு வர்றதா? இங்க கெட்டில்கூட உள்ள உட மாட்டேங்கறாங்க. பையனும் லீவு இல்லன்னு பெங்களூரு போயிட்டான். நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு."

"நான் காய்ச்சிக் குடுத்தா குடிப்பானா?"

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "ஒம்பேரச் சொன்னா குடிக்க மாட்டாரு."

"அப்ப எம்பேரச் சொல்லாத. கேட்டாண்ட மெஸ்ஸு ஒண்ணு கீது, அந்தம்மா நோயாளிங்களுக்குன்னே காய்ச்சித் தராங்கன்னு சொல்லு."

போனை வைத்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாயா? மூன்று வேளையும் குடிக்க வைக்கிறேன் வா. குடித்துக் குடித்து உன் உடம்பில் என் வீட்டுச் சோறு ஊறட்டும். நீ எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குக் கிளம்புகிற நாளில், உன்னை அழைத்துப் போக அந்த வேன் ஆட்கள் எல்லோரும் வந்து நிற்பார்களே, அன்றைக்கு வந்து சொல்கிறேன். விஷம் வைக்கிறவள்கூட என்னைப் போல அவ்வளவு ஆசையாக அடுப்புப் பற்ற வைத்திருக்க மாட்டாள்.

கஞ்சி என்றால் எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். சோற்றைக் குழைத்துத் தண்ணீர் விட்டால் கஞ்சி என்று நினைக்கிற வீடுகள் இருக்கின்றன. குக்கரில் வைத்தால் தண்ணீர் தனியாக, பருக்கை தனியாக நிற்கும். அறுத்துத் தைத்த வயிறு அதை ஏற்காது. நான் பச்சரிசியை மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டு நொய்யாக்கினேன். வெறும் சட்டியில், நிறம் மாறாமல், வாசனை மட்டும் வருகிற அளவுக்கு வறுத்தேன். ஒரு பிடி நொய்க்கு எட்டு டம்ளர் தண்ணீர். தீயைக் குறைத்துவிட்டு அடுப்பை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் பொங்கி வழியும், இல்லாவிட்டால் அடியில் பிடிக்கும். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அரிசியும் தண்ணீரும் பிரித்துச் சொல்ல முடியாதபடி சேரும். அப்போது மத்தால் கடைந்து, முதல் இரண்டு நாளும் மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். உப்பு, நாக்கு தேடுகிற அளவுக்கு மட்டும். மூன்றாம் நாளிலிருந்து வடிகட்டாமல். நான்காம் நாள் சீரகத்தைத் துணியில் முடிந்து கஞ்சியிலேயே போட்டு எடுத்தேன். ஐந்தாம் நாள் புளிக்காத மோர் கொஞ்சம்.

என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவ்வளவு கவனமாகக் காய்ச்சியதில்லை. அவளே கேட்டாள். "ஏம்மா, இவ்ளோ பாத்துப் பாத்துப் பண்ற, மாமா மேல கோவம் போயிட்ச்சா?" என்றாள். போய் வேலையைப் பார் என்றேன். கஞ்சியில் ஒரு குறை இருந்தால் அவன் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் என் கணக்கு என்ன ஆவது?

காலையும் மத்தியானமும் சாயங்காலமும் கேரியரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரி வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அண்ணி நிற்பாள். பழைய கேரியரைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டு போவாள். முதல் நாள் பாதி வந்தது. இரண்டாம் நாள் கேரியர் காலி. மூன்றாம் நாள் அண்ணியின் முகத்திலேயே தெரிந்தது.

"நல்லா கீதுன்னு சொன்னாரும்மா. மெஸ்ஸுக்கார அம்மாவுக்குக் கைப்பக்குவம் நல்லா கீதாம். ராத்திரி சப்தம் இல்லாம தூங்கினாரு."

எனக்கு வந்ததே ஒரு பெருமை! கூடவே ஒரு எரிச்சல். பாராட்டுகிறான், யாரோ ஒரு மெஸ்காரியை. அவளோ இந்த உலகத்தில் இல்லை. இல்லாத அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

இன்னும் நாலு நாளில் தையல் பிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணி சொன்னாள். தையலில் ஓர் இடத்தில் சீழ் வைத்திருந்ததால்தான் தாமதம். நாலு நாள் பொறுத்திருந்தால் எல்லாம் நான் நினைத்தபடி நடந்திருக்கும். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் கேரியரைக் கொடுக்கப் போனபோது அண்ணி சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த மனுஷிக்குக் கபடம் கிடையாது, அதுதான் அவளிடம் இருக்கிற கோளாறு.

"இன்னிக்கு ஊர்லேர்ந்து எல்லாம் வந்துக்கீறாங்க பாக்கறதுக்கு. அவங்ககிட்ட இன்னா சொல்லினு கீறாரு தெரியுமா? இந்த மெஸ்ஸுக்கார அம்மா காலுல உழுந்து கும்படணும். எந்தங்கச்சியும் ஒருத்தி கீறாளே, அவளுக்கு சுடுதண்ணி வெக்கத் தெரியுமா? அவ கஞ்சி வெச்சா மாடுகூட மோந்து பாத்துட்டுப் பூடும்னு சொல்லி ஒரே சிரிப்பு."

கேரியரை அவளிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். பின்னால் அண்ணி "இன்னாமா, வேணாமா" என்று ஓடிவந்தாள். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவனை நேராகப் பார்க்கிறேன். எட்டுக் கட்டில் போட்ட வார்டு. ஜன்னல் பக்கக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தான். பாதியாகியிருந்தான். அதை நான் கவனித்தேன், கவனித்ததை ஒதுக்கி வைத்தேன். கட்டிலைச் சுற்றி ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டுமாக அன்றைக்கு வேனில் வந்த அதே முகங்கள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கேரியரைத் திறந்து கட்டிலோரம் இருந்த ஸ்டூலில் வைத்தேன்.

"இன்னா பாக்கற? மெஸ்ஸுக்கார அம்மா காலுல உழணும்னியாமே. இதோ வந்துக்கீறேன், உழு. ஆறு நாளா நீ துன்னது எங்கூட்டுக் கஞ்சி. எங்கூட்டு அரிசி, எங்கூட்டுத் தண்ணி, எங்கூட்டு உப்பு. பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னவன் பதினேழு வேள குடிச்சிட்டு நல்லா கீதுன்னும் சொல்லிட்ட. இப்பச் சொல்லு, நீ எங்க நைனாவுக்குப் பொறந்தவனா இல்லையா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. அது போதும் எனக்கு. அண்ணன் என்னைப் பார்த்தான், கேரியரைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஐந்து வருஷமாக உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "கொஞ்சம் டிஸ்சார்ஜ் ஆன பின்னால சொல்லியிருக்கலாம்" என்றார். இந்த மனிதருக்கு ரோஷமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கேரியர் நிறையத் திரும்பி வந்தது. மத்தியானமும் அப்படியே வந்தது. அண்ணி வாசலுக்கு வந்து என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். ஹோட்டல் கஞ்சி வாங்கிக் கொடுத்திருக்கிறாள், உதட்டைத் திறக்கவில்லை. ரொட்டியைப் பாலில் தோய்த்து வற்புறுத்திக் கொடுத்தாள், எல்லாம் வெளியே வந்துவிட்டது. குமட்டியதில் தையல் வலித்துக் கத்தியிருக்கிறான். சாயங்காலம் மறுபடியும் சலைன் ஏற்றிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணி போனில் கூப்பிட்டுக் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

"ஒன் வஞ்சத்துக்கு எம்புருஷந்தான் கெடச்சாரா? ரெண்டு நாளா வாயில ஒண்ணும் படல. காயம் ஆறாதுன்னு டாக்டரு கத்தறாரு. காலைல மூக்குல மறுபடியும் குழா வெக்கப் போறாங்களாம். அந்தக் குழா வெச்சப்ப அவரு அழுததப் பாத்தவ நானு. நல்லா ஜெயிச்சிட்டம்மா நீ!"

போனை வைத்துவிட்டு, மறுநாளைக்கு அரிசியை நொய்யாக்கி வைத்தேன்.

புதன்கிழமை விடிந்ததும் நொய்யை வறுத்து உலை வைத்தேன். கிண்டிக்கொண்டு நிற்கும்போது, இத்தனை நேரம் உங்களிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்றை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஃப்ளெக்ஸ் விஷயம்.

விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் போனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். என் வீட்டுக்காரர் கடையில் வேலையாக இருந்ததால் என்னிடம் ஓகே கேட்டார். இடம் பத்தவில்லை, தலைவர் படம் கட்டாயம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அதனால் ஒருவரை எடுத்திருக்கிறேன், பரவாயில்லையா என்று கேட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். எடுத்திருந்தது என் அண்ணனை. 'அவர் தாய்மாமன், அவரைப் போடுங்கள், வேறு யாரையாவது எடுங்கள்' என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. நான் கட்டை விரல் பொம்மையை அழுத்தி அனுப்பினேன்.

ஏன் என்றால், அதற்கு இரண்டு நாள் முன்னால் சீரைப் பற்றி போனில் பேசும்போது அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு, நாலு பேர் கேட்க, "ஒன் ஊட்டுக்காரனுக்கு நட்டு போல்ட்டு விக்கறதே பெருசு, இதுல மண்டபம் வேற கேக்குதா" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் கட்டியிருந்தது பச்சைப் பூனம் புடவை. அதற்குத்தான் கட்டை விரல். படத்தைப் பார்த்து அவனுக்கு ஒரு குத்து குத்தட்டும் என்று நினைத்தேன். இலையில் தண்ணீர் ஊற்றுவான் என்று நினைக்கவில்லை. பழி முழுக்க என் வீட்டுக்காரர்மேல் விழுந்தது. அவர் ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். கடைக்காரர், அம்மாதான் ஓகே சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார். பிழைப்புக்காக எதையும் சொல்வான் என்று நினைத்து இவர் அதை நம்பவில்லை. போனில் இருந்ததை நான் அழித்துவிட்டிருந்தேன். ஐந்து வருஷமாக, மைத்துனன் படத்தை வெட்டியவர் என்று பேர் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் என் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு ரோஷம் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு நடந்தேன் என்று சொல்ல முடியாது, ஓடினேன். வார்டில் நர்ஸ் தட்டில் குழாயும் கையுறையும் வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் பிபி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னையும் கேரியரையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்புடைனா தாகுதாடா? தாககபோதே பைப் வேசேஸ்தாம்" என்றாள். இப்போதாவது குடிப்பானா, குடிக்காவிட்டால் குழாயை வைத்துவிடுவோம் என்கிறாள். ஐந்து நிமிஷம் கொடுங்கள், குடித்துவிடுவான் என்று தெலுங்கில் சொன்னேன். நம்பிக்கையோடு சொன்னதுபோல் சொன்னேன், அவ்வளவுதான்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தான். முதுகெலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. அண்ணி கால்மாட்டில் நின்று என்னை முறைத்தாள்.

"ண்ணா. நான் தோத்துட்டேன். திரும்பு. வாயத் தொற."

அசைவில்லை. போய்விடலாமா என்று நினைத்தபோது சுவரிலிருந்து சத்தம் வந்தது. குரல் எங்கேயோ கிணற்றில் இருந்தது.

"எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு."

இந்த நிலைமையிலும் பாருங்கள்! எங்கள் ரத்தம் அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு உரக்கச் சொன்னேன். "நான் தோத்துட்டேன்!" எட்டுக் கட்டிலும் எங்களைப் பார்த்தது. எதிர்க் கட்டில்காரரின் மனைவி இட்லியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஒன் ஊட்டுக்காரன் பண்ணது தப்புன்னு சொல்லு. குடிக்கறேன்."

எனக்கு அதைவிட சுலபமான வழி கிடைத்திருக்காது. அவர் அங்கே இல்லை. கடையில் யாருக்கோ பிரேக் வயர் தேடிக்கொண்டிருப்பார். சொன்னாலும் அவர் காதுக்குப் போகாது, போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். நாக்கு நுனிவரை வந்தது. நர்ஸ் பிபி மிஷினைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு பண்ணல. நாந்தான். கடக்காரன் எனக்குத்தான் அனுப்பினான். நீ இல்லன்னு பாத்துட்டுதான் ஓகே சொன்னேன்."

அவன் திரும்பினான். ஒரே மூச்சில் திரும்ப முடியாமல், கட்டில் கம்பியைப் பிடித்து நிறுத்தி, மறுபடியும் திரும்பினான். என் முகத்தையே பார்த்தான். கேரியரைத் தட்டிவிடப் போகிறான் என்று நினைத்து அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீயா?"

"ம்."

"ஏன்?"

"நீ போன்ல அப்படிப் பேசின. நட்டு போல்ட்டு விக்கறவனுக்கு மண்டபம் கேக்குதான்னு. எல்லாம் சிரிச்சாங்க."

அவன் யோசித்தான். கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தான்.

"நான் எப்பச் சொன்னேன்?" என்றான்.

அவனுக்கு ஞாபகமே இல்லை. நடிக்கவில்லை, என் அண்ணனுக்கு நடிக்க வராது. ஐந்து வருஷம் என் பெண்ணுக்கு மாமன் இல்லாமல் போனதும், என் வீட்டுக்காரர் ஓரத்தில் உட்கார்ந்ததும், நான் பிறந்த வீட்டு வாசலை மிதிக்காததும் அவன் மறந்துபோன ஒரு வாக்கியத்துக்காக. அந்தக் கணம் அவனைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது. நாளும் நேரமும் சொல்லி, யார் யார் சிரித்தார்கள் என்று பேர் பேராகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவன் வாயைத் திறந்திருந்தான்.

"அத அப்பறமா சண்ட போடு. ஆறிப் பூடப்போவுது, குடு."

கரண்டியில் எடுத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அவன் உதட்டில் வைத்தேன். கஞ்சி உள்ளே போனது. தொண்டை ஒருமுறை ஏறி, நின்றது. இரண்டு நாள் காய்ந்த தொண்டை, இறக்கத் தெரியாமல் நின்றது. நர்ஸ் தட்டோடு பக்கத்தில் வந்துவிட்டாள். மன்னிக்கவில்லை உன்னை, மன்னிக்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, அவன் விழுங்குகிறவரை நான் மூச்சு விடாமல் நின்றேன்.